இரண்டு பங்குனி உத்திரம் வந்த பட்ஜெட்

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான நிதியாண்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பங்குனி உத்திரங்கள் வந்தன. முதலாவது 2023 ஏப்ரல் 5 அன்றும், அடுத்தது 2024 மார்ச் 25 அன்றும். அதற்கு அடுத்த நிதியாண்டில் ஒன்றுகூட வரவில்லை. 2025-இல் உத்திரம் ஏப்ரல் 11-க்குத் தள்ளிப் போய்விட்டது. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. ஆனால் கணினியில் முதன்முறையாக வீட்டு பட்ஜெட் போட்டு, சாஸ்தா கோயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 14,000 ரூபாய் என்று எழுதி வைத்திருந்த எனக்கு, ஆண்டு முடிவில் அந்த ஒரு வரியில் 29,900 என்று காட்டிய அறிக்கை பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பணத்தைத் தாறுமாறாகச் செலவழித்துவிட்டோமோ என்று இரண்டு நாட்கள் வருந்திய பிறகுதான், தவறு செலவில் இல்லை, நான் ஆண்டைத் தொடங்கிய தேதியில் இருக்கிறது என்பது புரிந்தது.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவர் ஒரு தனியார் நிறுவனத்திலும், நான் ஒரு பள்ளியின் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறோம். அத்தையும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். வரவும் செலவும் அளவோடுதான் போகின்றன. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடியும்போது நகைக்கடனுக்குக் கூட்டுறவு வங்கியின் வரிசையில் நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. மாதச் செலவு ஒருபோதும் எங்களைக் கவிழ்த்ததில்லை. கொடை என்கிற ஊர்க் கோயில் திருவிழா, உத்திரம், சடங்கு, கல்யாணம், பள்ளிக் கட்டணம் என்று மாதத்தோடு ஒட்டாமல் வருகிறவைதான் கவிழ்த்தன. இதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது தெரியவில்லை, ஏனென்றால் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மாதம். பக்கத்தைப் புரட்டியதும் போன மாதம் மறைந்துவிடும்.

மென்பொருள் என்று தேடியபோது நான் தேர்ந்தெடுத்தது க்னூகேஷ். அது விலையில்லாதது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கணக்குக் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும், வங்கியின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும்விட, அது இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது எனக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தபோது மனப்பாடம் செய்த பற்றும் வரவும் இருபது ஆண்டுகள் கழித்துச் சமையலறைக் கணக்குக்கு உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஒழுங்காகப் படித்திருப்பேன். ஒரு தொகை ஒரு கணக்கிலிருந்து வெளியே போனால் இன்னொரு கணக்கில் வந்து நின்றாக வேண்டும். எங்கே போனது என்று எழுதாமல் விட்டால் ‘இம்பேலன்ஸ்’ என்ற பெயரில் ஒரு கணக்கைத் தானே உருவாக்கி, அந்தத் தொகையை அங்கே நிறுத்தி வைத்துவிடும். மறந்துபோன செலவுகள் அங்கே குவிந்து கிடப்பதைப் பார்ப்பது உறுத்தலாக இருக்கும். அந்த உறுத்தல் நல்லது.

2023 ஜனவரியில் பதிவைத் தொடங்கினேன். கணக்குகளின் பெயர்களை எல்லாம் தமிழிலேயே வைத்தேன். முதலில் செய்த தவறு, செலவுக் கணக்குகளை அளவுக்கு மீறிப் பிரித்தது. மளிகைக்குள் எண்ணெய், பருப்பு, மசாலா, சோப்பு என்று தனித்தனியாக வைத்து, அண்ணாச்சி கடைச் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம்தான் அது ஓடியது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘அண்ணாச்சி கடை’ என்று ஒரே கணக்காக்கினேன். மகாராஜநகர் உழவர் சந்தையில் வாங்கும் காய்கறி ஒரு கணக்கு, பால் ஒரு கணக்கு, மீனும் கறியும் ஒரு கணக்கு. எண்ணெய்க்கு எவ்வளவு போனது என்று தெரிந்து நான் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. முடிவெடுக்க உதவாத பிரிவுக்குத் தனிக் கணக்கு தேவையில்லை.

வங்கிக் கணக்கின் அறிக்கையை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி உள்ளே கொண்டுவர முடிகிறது. இப்போது பாதிச் செலவு செல்போனில் ஸ்கேன் செய்தே நடப்பதால் இது பெரிய உதவிதான். ஒரே ஒரு சிக்கல், அறிக்கையில் கடையின் பெயர் வருவதில்லை. அண்ணாச்சி கடையில் கட்டினால் அவர் மகன் பெயரும், பூக்கடையில் கட்டினால் யாரோ ஒரு மருமகன் பெயரும் வருகின்றன. முதல் இரண்டு மாதங்கள் யார் இவர் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை சரியான கணக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்த்ததும் மென்பொருள் தானே ஊகித்துக்கொள்கிறது. ரொக்கமாகப் போவதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றுகிறேன்.

பட்ஜெட் என்பது இந்தப் பதிவுகளுக்கு மேலே கட்டப்படுவது. ‘ஆக்‌ஷன்ஸ்’ மெனுவில் பட்ஜெட்டைத் திறந்து, எந்தத் தேதியில் தொடங்குகிறது, எத்தனை காலப்பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மாதமா ஒரு காலாண்டா என்று சொன்னால், கணக்குகள் இடப்பக்கத்தில் வரிசையாகவும் மாதங்கள் மேலே கட்டங்களாகவும் ஓர் அட்டவணை வந்து நிற்கிறது. பழைய பதிவுகள் இருந்தால் ‘எஸ்டிமேட்’ என்ற பொத்தான் அவற்றைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பிக் கொடுக்கும். இதில் ஒரு கண்ணியும் உண்டு. ‘உணவு’ என்ற தாய்க் கணக்கில் எதுவும் எழுதாமல் விட்டால், அதன் கீழுள்ள பால், காய்கறி, மளிகைத் தொகைகளைக் கூட்டி அதுவே காட்டும். நானோ ஆர்வத்தில் தாய்க் கணக்கில் 12,000 என்று எழுதிவிட்டு, பிறகு கிளைக் கணக்குகளிலும் தனித்தனியாக எழுதினேன். தாய்க் கணக்கில் எழுதிய எண் கூட்டலை மறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. கிளைகளின் கூட்டல் 15,000-ஐத் தாண்டியிருந்தும் நான்கு மாதங்கள் 12,000-ஐ நம்பி மிச்சம் இருப்பதாக மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மாதத்தோடு ஒட்டாத சிறு செலவுகளுக்கு அந்த அட்டவணை நன்றாகவே இடம் கொடுக்கிறது. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், கணக்கெடுக்கும் மாதங்களின் கட்டங்களில் மட்டும் எழுதினேன். 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே ஓடிய யூனிட்டுகளோடு நிற்காமல் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறிவிடும் என்பதால், கத்திரி வெயில் அடங்கும் கட்டத்தில் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன். 14.2 கிலோ எரிவாயு உருளை எங்களுக்கு நாற்பத்தைந்து நாட்கள் வரும். மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் எழுதிவிட்டேன். இவை எல்லாம் ஆங்கில மாதத்துக்குக் கட்டுப்பட்டவை. சொன்ன கட்டத்தில் சொன்னபடி வந்து நிற்பவை.

சாஸ்தா அப்படிக் கட்டுப்படுகிறவர் இல்லை. பங்குனி உத்திரத்தன்று குலசாஸ்தாவைத் தேடிப் போவது எங்கள் பக்கத்தில் விட முடியாத கடமை. எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்ட பங்காளிகள் எல்லாம் அன்று அந்த ஒரு மரத்தடியில்தான் சேர்வார்கள். வேன் வாடகை, பொங்கல் சாமான், பரிவார தெய்வங்களுக்குப் படைப்பு, வேட்டி, துண்டு, வந்து சேர்கிறவர்களுக்குச் சாப்பாடு என்று 14,000-க்குக் குறையாது. உத்திரம் பங்குனி மாதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வரலாம். பங்குனியோ மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே ஏப்ரல் 1 அன்று ஆண்டைப் பிளக்கிற எந்தக் கணக்கும் உத்திரத்தைச் சில ஆண்டுகளில் இந்தப் பக்கமும் சில ஆண்டுகளில் அந்தப் பக்கமும் தள்ளிவிடும். நிதியாண்டு என்பது அரசின் வரவுசெலவுக்கும் வரிக்கும் உரியது. எங்கள் வீட்டுச் செலவுகள் வருமான வரித்துறையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

தீர்வு பஞ்சாங்கத்தில்தான் இருந்தது. க்னூகேஷ் பட்ஜெட்டுக்கு எந்தத் தேதியையும் தொடக்கமாகக் கொடுக்கலாம். 2024 ஏப்ரல் 14, சித்திரை 1 அன்று தொடங்கி, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பகுதிகள் என்று போட்டேன். ஒவ்வொரு பகுதியும் 14-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 13-ஆம் தேதி முடிகிறது. தமிழ் மாதம் சில நேரம் 13-ஆம் தேதியிலும், சில நேரம் 15 முதல் 18 வரையிலும் பிறக்கும். அந்தச் சில நாள் வித்தியாசம் எதையும் கெடுக்கவில்லை. இப்போது பன்னிரண்டாவது கட்டம் பங்குனி. ஆண்டுக்கு ஒரே ஓர் உத்திரம் அந்தக் கட்டத்துக்குள் தவறாமல் வந்து நிற்கிறது. வியாபாரிகள் பலர் சித்திரை 1 அன்று மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு போடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்; அதை வெறும் சடங்காகவே எண்ணியிருந்தேன். என் கணவருக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை. “சம்பளம் வர்ற அன்னைக்கு உன் மாசம் பாதி முடிஞ்சு போயிருதே” என்றார். உண்மைதான். ஆனால் கட்டத்துக்கு ஒரு சம்பளம் என்ற கணக்கு அதனால் மாறிவிடவில்லை.

தேதி சரியானதும் பணத்தைச் சேர்க்கும் வழி வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் எழுதிவிட்டால் மென்பொருள் அந்தப் பணத்தைப் பிடித்து வைக்காது. மிஞ்சிப் போனாலும் எச்சரிக்காது. நாமாக அறிக்கையைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஆகவே வங்கிச் சேமிப்புக் கணக்கின் கீழ் ‘உத்திரம்’, ‘கொடை’, ‘சீர்’, ‘பள்ளி’ என்று நான்கு கிளைக் கணக்குகளை உருவாக்கினேன். வங்கியில் பணம் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது; என் ஏட்டில் மட்டும் அது நான்கு டப்பாக்களில் இருக்கிறது. சம்பளம் வந்ததும் 1,200 ரூபாய் உத்திரத்துக்கும் 500 ரூபாய் கொடைக்கும் நகரும்படி முன்கூட்டியே திட்டமிட்ட பதிவாக அமைத்துவிட்டேன். கோப்பைத் திறக்கும்போது அதுவே நினைவூட்டிப் பதிந்துகொள்கிறது. பட்ஜெட் அட்டவணையிலும் ‘உத்திரம்’ கிளைக் கணக்குக்கு எதிரே மாதந்தோறும் 1,200 என்று எழுத வேண்டும். பங்குனிக் கட்டத்தில் மட்டும் 1,200 உள்ளே வந்து 14,400 வெளியே போவதால் 13,200-ஐக் கழித்தல் குறியோடு எழுதினேன். அப்படிச் செய்தால் அட்டவணையின் அடியில் செலவு, மாற்றல் (நம் கணக்குகளுக்குள்ளேயே நகரும் தொகை), மீதி என்று வரும் வரிகளில் பங்குனியும் மற்ற மாதங்களைப் போலவே 1,200 மட்டும் கேட்கிற மாதமாகிவிடுகிறது. வங்கி அறிக்கையோடு சரிபார்க்கும்போது ‘கிளைக் கணக்குகளையும் சேர்’ என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிட வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை கூட்டினாலும் ஒட்டாது.

கொடைக்கான 500 ரூபாய் பற்றி ஒரு சொல். கணவரின் ஊர் களக்காட்டுப் பக்கம். ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு. எவ்வளவு என்பதை ஊர்க் கூட்டத்தில்தான் முடிவு செய்வார்கள். வில்லுப்பாட்டுக்கு யாரை அழைக்கிறார்கள், மேளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது ஏறும். ஏறுமே தவிர இறங்கியதாக நினைவில்லை. அதனால் போன ஆண்டுத் தொகையோடு ஓர் ஐந்நூறு கூட்டியே எழுதுகிறேன்.

என்னை அதிக நாட்கள் தூங்கவிடாமல் செய்தது மொய். அத்தையிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. யார் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு எழுதினோம், நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்று இரண்டு பக்கமும் அதில் உண்டு. மாமா காலத்து ஐந்து ரூபாய், பத்து ரூபாய் மொய்கூட அழியாமல் இருக்கிறது. நான் மொய்யைச் செலவு என்று பதிவதைப் பார்த்துவிட்டு அத்தை, “எம்மா, அது எப்படிச் செலவாவும்? நாம போட்டு வச்சிருக்கோம்லா, திரும்ப வரும்லா” என்றார்கள். கணக்கியல்படி பார்த்தால் அத்தை சொன்னது தவறில்லை. திரும்பி வரும் என்ற உரிமையோடு கொடுத்த பணம் வரவேண்டிய கடன். அது சொத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். நமக்கு வந்த மொய் வருமானம் ஆகாது. திருப்பிச் செய்ய வேண்டிய பொறுப்பு அது. ஒரு மாதம் அப்படியே மாற்றிப் பதிந்தும் பார்த்தேன். நோட்டிலிருந்து பழைய மொய்யை எல்லாம் ஏற்றியதும் எங்கள் சொத்து மதிப்பு ஒரே இரவில் இரண்டு லட்சத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது. அந்த இரண்டு லட்சத்தை வைத்து ஒரு கிலோ கத்தரிக்காய்கூட வாங்க முடியாது. பெண்ணுக்குச் சடங்கோ, வீட்டுக்குப் பால் காய்ச்சோ வைத்தால்தான் அது கைக்கு வரும். அதிலும் பாதிப் பேர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் காலமாகியிருப்பார்கள். மேலும் மொய் அதே தொகையாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் கூட்டி எழுதுவதுதான் மரியாதை. எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாத ஒன்றை நம்பி அடுத்த மாதச் செலவைத் திட்டமிட முடியாது. ஆகவே பட்ஜெட்டைப் பொறுத்தவரை மொய் செலவுதான் என்று முடிவு செய்து, பதிவின் குறிப்பில் வீட்டுப் பெயரையும் விசேஷத்தையும் மட்டும் எழுதி வைக்கிறேன். யாரிடமிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு அத்தையின் நோட்டுதான் மூல ஏடு. அதோடு போட்டி போட எனக்கு விருப்பமில்லை.

பட்ஜெட்டில் மொய்க்கு நான் எழுதும் தொகையும் சீராக இருப்பதில்லை. ஆவணி, தை, வைகாசி என்று முகூர்த்த மாதங்களில் 4,000, 5,000 வரைக்கும் போகும். ஆடி, மார்கழியில் சுழியம். முன்பு ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டபோது மார்கழியில் மிச்சமாகத் தெரிந்ததை வேறு எதற்கோ செலவழித்துவிட்டுத் தையில் விழித்தோம். தாய்மாமன் சீரோ இன்னும் கடினமானது. மதினியின் மகள் வளர்ந்துவருகிறாள். சடங்கு எந்த ஆண்டு என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? ‘சீர்’ டப்பாவில் மாதம் 1,500 சேர்கிறது; செலவுக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

வீட்டுக் கடன் தவணையைப் பற்றியும் நகைச்சீட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் பகுதி கடனைக் குறைக்கிறது, ஆகவே அது மாற்றல். பதினொரு மாத நகைச்சீட்டும் அப்படியே. இரண்டையும் செலவில் சேர்த்து எழுதியிருந்தவரை நாங்கள் ஊதாரிகள் என்ற தவறான எண்ணம் எனக்கு இருந்தது.

அத்தைக்கு ஊரில் கொஞ்சம் வயல் உண்டு. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். பிசானப் போகம் அறுத்ததும் நெல் வரும். அரைத்தால் ஏழெட்டு மாதத்துக்கு அரிசி வாங்க வேண்டாம். பணமே கைமாறாத இந்த வரவை எப்படி எழுதுவது என்று யோசித்து, கடைசியில் கடை அரிசியின் விலையை வைத்து, ஒரு பக்கம் ‘வயல்’ வருமானமாகவும் மறுபக்கம் ‘கையிருப்பு அரிசி’ என்ற சொத்தாகவும் பதிந்து, மாதந்தோறும் அதிலிருந்து செலவுக்கு எடுக்கிறேன். இல்லையென்றால் அரிசிச் செலவு ஏழு மாதம் சுழியமாக இருந்து எட்டாவது மாதம் திடீரென்று வானத்துக்கு ஏறும். இன்னொரு போகமான கார் சாகுபடிக்கு மட்டும் எதுவும் எழுதுவதில்லை. பாபநாசம் அணையில் ஜூன் மாதம் தண்ணீர் இருந்து திறந்தால்தான் கார். அணையின் மட்டத்தை என் பட்ஜெட்டில் ஒரு வருமானமாக எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. வந்தால் அது கூடுதல்.

2025 சித்திரை 1 அன்று இரண்டாவது தமிழ் ஆண்டுக்கான பட்ஜெட்டைத் திறந்தேன். மூன்று நாட்களுக்கு முன்புதான் உத்திரம் முடிந்திருந்தது. டப்பாவில் 14,400 இருக்க, 15,120 செலவாகியிருந்தது. 720 ரூபாய் துண்டு. மாதம் 1,200-ஐ 1,300 ஆக்கினேன். ‘எஸ்டிமேட்’ பொத்தானை அழுத்தி மளிகை, பால், காய்கறிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு, விசேஷங்களின் கட்டங்களை மட்டும் நாள்காட்டியை வைத்துக் கையால் எழுதினேன். ஐப்பசியில் தீபாவளி என்று எழுதும்போதுதான் கவனித்தேன்: 2024-இல் அது அக்டோபர் 31, ஐப்பசி நடுவில் வந்தது, 2025-இலோ அக்டோபர் 20, ஐப்பசி பிறந்த சில நாட்களிலேயே வருவதாக இருந்தது. பண்டிகை ஐப்பசிக் கட்டத்துக்குள்தான் இருந்தது, ஆனால் துணி எடுப்பதும் பலகாரச் சாமான் வாங்குவதும் அதற்கு முன்பே புரட்டாசியில் முடிந்துவிடும். துணிக்கான 9,000-ஐ ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினேன். பட்டாசை மட்டும் ஐப்பசியிலேயே விட்டுவைத்தேன்.